படமும் தீர்ப்பும்: சினிமா வழக்குகளைப் பார்த்து, படித்து, எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

உச்ச நீதிமன்ற நீதிபதிகளில் சிலர் நல்ல சினிமா விமர்சகர்கள். தொழில் அதுவல்ல என்பதால் யாரும் அவர்களை அப்படிச் சொல்வதில்லை. ஒரு படத்தைத் தடை செய்யச் சொல்லி வழக்கு வந்தால் போதும், விமர்சகர் கேட்கும் கேள்விகளை எல்லாம் அவர்களும் கேட்டாக வேண்டும். இந்தக் காட்சி எதற்காக இருக்கிறது? பார்ப்பவரிடம் அது எதைக் கிளப்பும், ஆசையையா அருவருப்பையா? ஒரு பாத்திரம் பேசும் வசனத்தைப் படமே பேசியதாக எடுத்துக்கொள்ளலாமா? ஒரு காட்சியைத் தனியாக உருவி எடுத்து நியாயம் பேசலாமா?

பத்திரிகை விமர்சகர் தப்பாக எழுதினால் தயாரிப்பாளர் நாலு நாள் புலம்புவார். நீதிபதி தப்பாக எழுதினால் படம் பெட்டியை விட்டே வெளியே வராது. அதனால்தான் சினிமா வழக்குகளைப் படத்தோடு சேர்த்துப் படிப்பது அரசியல் சட்டத்துக்குள் நுழைய ஒரு நல்ல வாசல் என்கிறேன். சட்ட மாணவர்கள், விமர்சனம் எழுதுகிறவர்கள், பட வட்டம் நடத்துகிறவர்கள், ‘கருத்துச் சுதந்திரம்’ என்று தினமும் சண்டை போடுகிறவர்கள், எல்லாருக்கும் இது உதவும். முறையாகச் செய்தால் ஒரு வார இறுதியில் ஒரு ஜோடியை முடித்துவிடலாம்: ஒரு படம், ஒரு தீர்ப்பு, இரண்டையும் சேர்த்து நீங்கள் எழுதும் ஒரு கட்டுரை.

படி 1: ஜோடியைத் தேர்ந்தெடுங்கள்

இதில் இரண்டு வகை உண்டு. படத்தின் மேலேயே நடந்த வழக்கு ஒரு வகை. நடந்த வழக்கைப் படமாக எடுத்தது இன்னொரு வகை. முதல் வகையில் ஆரம்பியுங்கள். அங்கே தீர்ப்பு உங்கள் கண் முன்னால் ஓடும் அதே படத்தைப் பற்றித்தான் பேசுகிறது, ஆகவே நீதிபதி சரியாகப் பார்த்தாரா என்று நீங்களே சோதிக்கலாம்.

ஆரம்பிக்க ஏற்ற சில:

ஒரே ஒரு கிராமத்திலே (1987), ரங்கராஜன் எதிர் ஜெகஜீவன் ராம் (1989). தமிழ் வாசகருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. கீழே இதற்குத்தான் அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கே.ஏ. அப்பாஸின் நான்கு நகரங்களைப் பற்றிய குறும்படம், கே.ஏ. அப்பாஸ் எதிர் இந்திய ஒன்றியம் (1970). அடிப்படையே இதுதான்.

பாண்டிட் குயின் (1994), பாபி ஆர்ட் இன்டர்நேஷனல் எதிர் ஓம்பால் சிங் ஹூன் (1996). படம் கனமானது, பாலியல் வன்முறைக் காட்சிகள் உண்டு. தெரிந்துகொண்டே உட்காருங்கள்.

தமஸ் தொலைக்காட்சித் தொடர், ரமேஷ் எதிர் இந்திய ஒன்றியம் (1988). தீர்ப்பு சின்னது, தொடர் நீளமானது.

தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: படம் நியாயமான வழியில் பார்க்கக் கிடைக்க வேண்டும். தீர்ப்பு பற்றிக் கவலையில்லை. உச்ச நீதிமன்றத்தின் மின்-எஸ்.சி.ஆர். தளத்தில் இலவசமாகக் கிடைக்கும், இந்தியன் கானூன் தளத்திலும் கிடைக்கும். சில தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. அதை ஆங்கில மூலத்தோடு ஒப்பிட்டுத்தான் நம்ப வேண்டும்.

படி 2: சட்டத்தில் இரண்டே இரண்டு வரிகள்

அரசியல் சட்டம் முழுவதையும் படித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பாதீர்கள், வரமாட்டீர்கள். இப்போதைக்கு 19(1)(அ)வும் 19(2)வும் போதும். முதலாவது, குடிமக்கள் எல்லாருக்கும் பேச்சுரிமையும் கருத்துரிமையும் உண்டு என்கிறது. இரண்டாவது, அந்த உரிமைக்கு அரசு எந்தெந்தக் காரணங்களுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்று எண்ணிச் சொல்கிறது: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, வெளிநாடுகளோடு நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியம் அல்லது ஒழுக்கநெறி, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல்.

இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி மேஜை மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்றால், ‘மனம் புண்பட்டது’ என்பது அதில் இல்லை. ‘வரலாற்றைத் திரித்தது’ இல்லை. ‘எங்கள் தலைவரைக் கேலி செய்தது’ இல்லை. தடை கேட்டு வருகிறவர் எல்லாரும் தம் மனக்குறையை இந்தப் பட்டியலில் உள்ள ஏதாவது ஒரு காரணத்துக்குள் நுழைக்கத்தான் பார்ப்பார்கள். பெரும்பாலும் அவர்கள் பிடிப்பது ‘பொது ஒழுங்கு’. அந்தச் சொல்லுக்கு ஒரு சென்னைக் கதையும் உண்டு. 1950-ல் ரொமேஷ் தாப்பர் நடத்திய கிராஸ் ரோட்ஸ் என்ற பத்திரிகை அன்றைய மதராஸ் மாநிலத்துக்குள் நுழைய அரசு தடை போட்டது. ‘பொது ஒழுங்கு’ அப்போது 19(2)இல் இல்லை என்பதால் உச்ச நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. மறு வருடமே, 1951-ல், முதலாவது திருத்தத்தின் மூலம் அந்தச் சொல் உள்ளே வந்துவிட்டது. ‘நியாயமான’ என்ற அடைமொழி வந்ததும் அதே திருத்தத்தில்தான். அரசுக்கு ஒரு கையில் ஆயுதமும் மறு கையில் விலங்கும் ஒரே நாளில் கிடைத்தன.

அப்புறம் 1952-ம் வருட ஒளிப்பதிவுச் சட்டத்தின் 5பி பிரிவு. எந்த அடிப்படையில் படத்துக்குச் சான்றிதழ் மறுக்கலாம் என்று சொல்லும் இடம் அது. படித்துப் பாருங்கள்: 19(2)இன் சொற்கள்தான் பெரும்பாலும் அங்கே திரும்ப வரும்.

படி 3: முதலில் படம், பிறகுதான் தீர்ப்பு

வரிசை முக்கியம். தீர்ப்பை முதலில் படித்துவிட்டால் நீதிபதி சுட்டிக்காட்டிய காட்சிகளைத் தவிர வேறெதுவும் உங்கள் கண்ணில் படாது. படத்தை ஒரு சாதாரண ரசிகராகப் பாருங்கள், பிடித்ததா இல்லையா என்று ஒரு பத்தி எழுதி மூடி வையுங்கள். பிறகு இரண்டாவது முறை, கையில் நோட்டுப் புத்தகத்தோடு. இந்த முறை உங்கள் வேலை வேறு: இந்தப் படத்தில் யாருக்கு, எந்த இடத்தில், எதற்காகக் கோபம் வரும் என்று ஊகிப்பது. காட்சி வரும் நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வசனத்தை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நினைவிலிருந்து எழுதும் வசனம் எப்போதும் படத்தில் இருப்பதைவிடக் கூர்மையாக இருக்கும்.

ஒவ்வொரு காட்சிக்கும் பக்கத்தில் மூன்று விஷயங்கள்: யார் பேசுகிறார், அவர் படத்தில் நல்லவரா கெட்டவரா நடுவில் நிற்பவரா, அவர் பேச்சுக்குப் படம் எங்கேயாவது பதில் சொல்கிறதா. இந்த மூன்றையும் தீர்ப்பில் நீதிபதியும் தேடுவார். நீங்கள் முந்திக்கொண்டீர்கள் என்றால் தீர்ப்பைப் படிக்கும்போது அவரோடு வாதம் செய்யலாம்.

படி 4: தீர்ப்பை எந்த வரிசையில் படிப்பது

முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நேராகப் படித்தால் பாதியில் தூங்கிவிடுவீர்கள். முதலில் தலைப்பு, தேதி, எத்தனை நீதிபதிகள், யார் எழுதியது. அடுத்து நேராகக் கடைசிப் பக்கம்: யார் ஜெயித்தார், நீதிமன்றம் என்ன செய்யச் சொன்னது. அதன் பிறகு நடந்த கதை, அதாவது படம் எப்போது தணிக்கைக்குப் போனது, யார் மறுத்தார், யார் அனுமதித்தார், யார் வழக்குப் போட்டார். கடைசியாகத்தான் நடுப்பகுதி, நீதிபதி காரணம் சொல்லும் இடம். அங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும்.

வழக்கின் பெயரைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ரங்கராஜன் எதிர் ஜெகஜீவன் ராம் என்றதும் பாபு ஜெகஜீவன் ராம்தான் படத்தை எதிர்த்தார் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தலைவர் 1986-லேயே காலமாகிவிட்டார். இவர் வேறு ஆள்.

ஜெயித்தவர் யார் என்பதும் ஏமாற்றும். அப்பாஸ் வழக்கைப் பாருங்கள். கல்கத்தா, பம்பாய், மதராஸ், டெல்லி ஆகிய நான்கு நகரங்களின் பளபளப்பையும் அதன் காலடியில் கிடக்கும் வறுமையையும் அடுத்தடுத்துக் காட்டும் குறும்படம். பம்பாயின் சிவப்பு விளக்குப் பகுதிக் காட்சிகளால் ‘யு’ சான்றிதழ் தர மறுத்தார்கள், வெட்டினால் தருகிறோம் என்றார்கள். அப்பாஸ் நேராக உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே அரசு இறங்கிவந்து வெட்டு இல்லாமல் ‘யு’ தரச் சம்மதித்தது. படம் தப்பித்தது. ஆனால் அப்பாஸ் அதோடு விடவில்லை, முன்தணிக்கையே செல்லாது என்று வாதாடினார். தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா தலைமையிலான 5 நீதிபதிகள் அமர்வு அதை ஏற்கவில்லை. சினிமா மற்றக் கலைகளைவிட ஆழமாக உணர்ச்சியைக் கிளறும், ஆகவே முன்தணிக்கை செல்லும் என்றது. இன்றுவரை இந்தியாவில் தணிக்கை நிற்பது இந்தத் தீர்ப்பின் மேல்தான்.

அதே தீர்ப்புக்குள்ளேயே ஹிதாயத்துல்லா தணிக்கை விதிகளைக் கடுமையாகக் குறை சொல்கிறார். பாலியலும் ஆபாசமும் ஒன்றல்ல என்கிறார். வன்புணர்வோ தொழுநோயோ ஒழுக்கக்கேடோ படத்தில் இருப்பது கத்தரிக்கோலுக்குக் காரணமாகக் கூடாது, அதை எப்படிக் கையாண்டிருக்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்கிறார். வால்டேரின் கான்டீட் கதையை எல்லாம் உதாரணத்துக்கு இழுக்கிறார். தணிக்கையை அனுமதித்த அதே கை, தணிக்கைக்காரருக்கு ரசனை வேண்டும் என்றும் எழுதியது. சட்டத்தில் முந்தையதற்குக் கட்டுப்படுத்தும் பலம் உண்டு, பிந்தையது பெரும்பாலும் அறிவுரை. தீர்ப்பைப் படிக்கும்போது இந்த இரண்டையும் வேறு வேறு நிற மையில் கோடு போடுங்கள். வழக்கை முடிக்கத் தேவையான காரணம் ஒரு நிறம், போகிற போக்கில் சொன்னது இன்னொரு நிறம்.

என்னைக் கேட்டால், இருட்டான அரங்கில் ஊரே சேர்ந்து உட்கார்ந்து பார்த்த 1970-க்கு, சினிமா ஆழமாகக் கிளறும் என்ற அந்த வாதம் ஓரளவு பொருந்தும். பஸ்ஸில் நின்றுகொண்டு கைபேசியில் பத்துப் பத்து நிமிடமாகப் படம் பார்க்கும் இன்றைக்கு அது எவ்வளவு தாங்கும் என்பது சந்தேகம்தான்.

படி 5: ஒரு ஜோடியைக் கிட்ட வைத்துப் பார்ப்போம்

ஒரே ஒரு கிராமத்திலே. வாலி எழுதி, கே. ஜோதிபாண்டியன் இயக்கிய படம், லட்சுமி நடித்தது. பிராமணக் குடும்பத்தில் பிறந்த பெண் ஒருத்திக்கு, பொய்யான சாதிச் சான்றிதழோடு கருப்பாயி என்ற பெயரும் வாய்க்கிறது. படித்து அரசு அதிகாரியாகிறாள். வெள்ள நிவாரண வேலைக்காக ஒரு கிராமத்துக்கு வருகிறாள், ஊர் அவளைக் கொண்டாடுகிறது. பிறகு உண்மை தெரிந்துவிடுகிறது. சாதியை வைத்து அல்ல, வறுமையை வைத்துத்தான் சலுகை தர வேண்டும் என்று படம் வாதாடுகிறது.

இடஒதுக்கீட்டுக்காகப் பல தலைமுறைகள் போராடிய மாநிலத்தில் இப்படி ஒரு படம் வந்தால் என்ன ஆகும்? தணிக்கை வாரியத்தின் ஆய்வுக் குழு சான்றிதழ் மறுத்தது, மறு ஆய்வில் பெரும்பான்மை ‘யு’ தந்தது. அதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தனி நீதிபதி மனுவைத் தள்ளினார், இரு நீதிபதிகள் அமர்வு சான்றிதழையே ரத்து செய்தது. இதற்கிடையில் படத்துக்குத் தேசிய விருதும் கிடைத்தது. மத்திய அரசு விருது கொடுத்த படத்தை மாநிலத்தில் காட்டக் கூடாது என்ற நிலை.

1989 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி ஜெகந்நாத ஷெட்டி. மூன்று இடங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, யாருடைய கண்ணால் பார்ப்பது என்ற கேள்வி. சாதாரண அறிவும் நிதானமும் உள்ள ஆள்தான் அளவுகோல், தொட்டாற்சுருங்கி அல்ல என்கிறது தீர்ப்பு. 

இரண்டு, அரசின் வாதம். படம் வெளியானால் தமிழ்நாட்டில் கலவரம் வரும் என்றது மாநில அரசு. அதற்கு என்ன ஆதாரம் என்று நீதிமன்றம் தேடிப் பார்த்தது, அச்சத்தைத் தவிர உருப்படியாக எதுவும் இல்லை. வரக்கூடிய ஆபத்து தொலைதூர ஊகமாக இருக்கக் கூடாது, பேசியதற்கும் ஆபத்துக்கும் நேரடித் தொடர்பு வேண்டும், வெடிமருந்துப் பீப்பாயில் விழும் தீப்பொறி போல என்று எழுதினார் ஷெட்டி. இந்தியச் சட்டக் கட்டுரைகளில் இன்றுவரை சலிக்காமல் எடுத்தாளப்படும் உவமை இது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. போராட்டம் நடத்துவோம், அடிப்போம் என்று மிரட்டுகிறவர்களுக்காகப் பேச்சை நிறுத்தினால் அது சட்டத்தின் ஆட்சியைக் கைவிட்டு மிரட்டலுக்குப் பணிவது என்கிறார். கூட்டத்தைச் சமாளிக்க எங்களால் முடியாது என்று ஓர் அரசு சொல்லக் கூடாது, சமாளிப்பதுதான் அரசின் கடமை என்கிறார். அதாவது போலீஸ் வர வேண்டியது திரைக்கு முன்னால் அல்ல, தியேட்டர் வாசலுக்கு.

இப்போது முதல் நாள் எழுதி மூடி வைத்த பத்தியை எடுங்கள். என் பத்தி இப்படி: இந்தப் படத்தின் வாதம் எனக்கு ஒப்புதல் இல்லை. சாதி என்பது வெறும் பணக்கஷ்டம் என்பதுபோல அது பேசுகிறது. கருப்பாயி என்ற பெயரில் பொய்யாக வாழ்ந்தவளின் துயரம் தெரியும் அளவுக்கு, அந்தப் பெயரில் நிஜமாகவே பிறந்தவளின் வாழ்க்கை படத்தில் தெரியவில்லை. விமர்சகராக நான் குறைந்த மதிப்பெண்தான் போடுவேன். தீர்ப்பு முழுக்கச் சரி என்றும் சொல்வேன். இரண்டும் முரண் இல்லை, ஏனென்றால் கேள்விகள் வேறு. ‘படம் சொல்வது சரியா’ என்பது என் கேள்வி. ‘சொல்ல விடலாமா’ என்பது கோர்ட்டின் கேள்வி. தயாரிப்பாளர் தன் கருத்தை வைக்கலாம், மற்றவருக்கு அது பிடிக்க வேண்டிய அவசியமில்லை, அரசின் கொள்கையை வெளிப்படையாக விமர்சிப்பது தடைக்குக் காரணம் ஆகாது என்று தீர்ப்பும் இந்த வேறுபாட்டைக் காப்பாற்றியிருக்கிறது. இந்த இரண்டு கேள்விகளையும் குழப்பாமல் பிரித்து எழுதிவிட்டால் உங்கள் கட்டுரையில் பாதி முடிந்தது. ‘உச்ச நீதிமன்றமே படத்தைச் சரி என்று சொல்லிவிட்டது’ என்று எழுதினால், அங்கேயே கட்டுரை கெட்டது.

படி 6: நீதிபதியின் விமர்சனத்தை விமர்சியுங்கள்

பாண்டிட் குயின் இதற்கு நல்ல பயிற்சி. பூலன் தேவியின் வாழ்க்கையை வைத்து சேகர் கபூர் எடுத்தது. தணிக்கை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ‘ஏ’ சான்றிதழ் தந்தது. படத்தில் கொடுமை செய்பவன் குஜ்ஜர் என்பதால் தம் சமூகத்துக்கு இழுக்கு என்று ஒருவர் வழக்குப் போட்டார், டெல்லி உயர் நீதிமன்றம் சான்றிதழை ரத்து செய்தது. 1996 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது.

நீதிபதி பரூச்சா எழுதிய தீர்ப்பில் நிர்வாணக் காட்சியைப் பற்றிய பகுதியை நிதானமாகப் படியுங்கள். கிணற்றடியில், ஊர் முழுக்கப் பார்க்க, அந்தப் பெண் அவமானப்படுத்தப்படும் காட்சி. அது யாருக்கும் காமத்தைக் கிளப்பாது, அவள் மேல் இரக்கத்தையும் அதைச் செய்தவர்கள் மேல் வெறுப்பையும்தான் கிளப்பும் என்கிறார். யூதர் வதை முகாமைக் காட்டிய ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட் படத்தில் நிர்வாணமாக வரிசையில் நிற்பவர்களை உதாரணம் காட்டுகிறார். காட்சியின் நீளம், கோணம், சூழல், எல்லாமே அவர் வாதத்துக்குள் வருகின்றன. கை தேர்ந்த விமர்சகர் எழுதுவதும் இப்படித்தான்.

அதே சமயம் அவர் எதைப் பார்க்கவில்லை என்றும் கேளுங்கள். அப்போது உயிரோடிருந்த ஒரு பெண்ணின் மேல் நடந்த வன்முறையைத் திரையில் திரும்ப நிகழ்த்த யாருடைய சம்மதம் வேண்டும்? பூலன் தேவியே ஆரம்பத்தில் இந்தப் படத்தை எதிர்த்தவர். அந்தக் கேள்வி இந்த வழக்கில் கோர்ட்டின் முன்னால் வரவில்லை. விமர்சகரான உங்கள் முன்னால் வருகிறது. வாழும் மனிதர்களைப் படமாக்குவது பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினால் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு (1994) வழக்குக்குப் போய்ச் சேருவீர்கள். நக்கீரனில் ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிடுவது பற்றிய வழக்கு அது. பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிட அனுமதி தேவையில்லை, அதைத் தாண்டி ஒருவரின் அந்தரங்கத்துக்குள் போனால் வெளியிட்டவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது அதன் சாரம். இன்று வாழ்க்கை வரலாற்றுப் படம் ஒவ்வொன்றும் இந்தத் தீர்ப்பைத் தாண்டித்தான் வர வேண்டியிருக்கிறது.

உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யரை விட்டுவிட்டு இந்தப் படியை முடிக்க முடியாது. சத்யம் சிவம் சுந்தரம் படத்துக்காக ராஜ் கபூர் மேல் ஆபாசக் குற்றச்சாட்டு வந்தபோது 1979-ல் அவர் எழுதிய தீர்ப்பு, கஜுராஹோவையும் கொனாரக்கையும் இழுத்துவந்து ஒழுக்கக் காவலர்களை வாங்கு வாங்கென்று வாங்குகிறது. சட்டமாகச் சுருக்கினால் சின்ன விஷயம்: தணிக்கைச் சான்றிதழ் இருப்பது வழக்கில் கனமான சான்று, ஆனால் நீதிமன்றத்தைக் கட்டிப்போடாது. மொழிக்காகவாவது படியுங்கள்.

படி 7: டிவி என்றால் கணக்கு கொஞ்சம் மாறும்

தியேட்டருக்கு நாம் போகிறோம், டிவி நம் வீட்டுக்கு வருகிறது. 1988-ல் தூர்தர்ஷனில் தமஸ் ஓடியபோது இதுதான் பிரச்சினை. பீஷ்ம சாஹ்னியின் நாவலை வைத்து கோவிந்த் நிஹலானி எடுத்த தொடர், பிரிவினைக் கலவரம் எப்படி மூட்டப்பட்டது என்பது கதை. ஓம் பூரி நடிக்கும் நத்து, என்ன ஏது என்று தெரியாமல் ஒரு பன்றியைக் கொல்கிறான். அந்தச் சடலம் மசூதிப் படிக்கட்டில் கிடக்கிறது. ஆரம்பத்தில் வரும் அந்த இருட்டறைக் காட்சியைப் பாருங்கள்: கொல்கிறவனுக்கு இருக்கும் பயம் பார்ப்பவருக்கும் ஒட்டிக்கொள்கிறது. வெறுப்பைத் தூண்டும் காட்சியா, வெறுப்பு எப்படித் தயாராகிறது என்று காட்டும் காட்சியா? வழக்கு முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

பம்பாய் உயர் நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் தொடரை முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் அனுமதித்தார்கள். உச்ச நீதிமன்றமும் தடை மறுத்தது. நாக்பூர் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி விவியன் போஸ் முன்பு சொன்ன அளவுகோலை எடுத்துக்கொண்டது: எதைக் கண்டாலும் ஆபத்து என்று பதறுகிறவரின் கண்ணால் அல்ல, திடமான, தைரியமான, நியாயமான மனிதரின் கண்ணால் பார்க்க வேண்டும். 

அதே வருடம் ஹோனி அன்ஹோனி என்ற தொடர் மூடநம்பிக்கையைப் பரப்புகிறது என்று இன்னொரு வழக்கு. அங்கேயும் தடை நிற்கவில்லை. தொடர் அப்படியொன்றும் காவியமல்ல. உரிமை காவியங்களுக்கு மட்டும் சொந்தமில்லை என்று காட்டுவதால் இந்த வழக்கு பயனுள்ளது. அலைவரிசை பொதுச் சொத்து என்று சொன்ன 1995-ம் வருட கிரிக்கெட் வழக்கையும் டிவி பற்றி எழுதினால் தொட வேண்டும்.

ஓடிடி தொடரைப் பற்றி எழுதினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அங்கே தணிக்கை வாரியம் இல்லை. 2021-ம் வருட விதிகளின்படி தளங்களே வயது வகையைப் போட்டுக்கொள்கின்றன. அதே வருடம் திரைப்படத் தணிக்கை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தையும் கலைத்துவிட்டார்கள், ஆகவே தயாரிப்பாளர் இப்போது நேராக உயர் நீதிமன்றம் போக வேண்டும். 2023 திருத்தத்துக்குப் பிறகு ‘யு/ஏ’ என்பதும் 7+, 13+, 16+ என்று பிரிந்திருக்கிறது. பழைய வழக்கைப் பற்றி எழுதும்போது அந்தக் காலத்து நடைமுறையையும் இன்றையதையும் கலக்காதீர்கள்.

படி 8: தீர்ப்புக்குப் பிறகு என்ன நடந்தது?

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 1989-ல் தெளிவாகச் சொல்லியாகிவிட்டதே, அப்புறம் ஏன் படங்கள் நிற்கின்றன? 2011-ல் ஆரக்‌ஷன் படத்தை உத்தரப் பிரதேசம் நிறுத்தியது. அதுவும் இடஒதுக்கீட்டுப் படம்தான். உச்ச நீதிமன்றம் ரங்கராஜன் வழக்கைக் காட்டித் தடையை நீக்கியது. 2018-ல் பத்மாவத் படத்துக்கும் மாநிலத் தடை, அதையும் உச்ச நீதிமன்றம் நீக்கியது. 2019-ல் போபிஷ்யதேர் பூத் என்ற வங்காளப் படம் வெளியான மறுநாளே மேற்கு வங்கத் தியேட்டர்களிலிருந்து காணாமல் போனது. அதில் கோர்ட் ஒரு படி மேலே போய், 20 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது.

தீர்ப்பே வராமல் முடிந்த கதை ஒன்றும் நம்மிடம் உண்டு. 2013-ல் விஸ்வரூபம். மாவட்ட ஆட்சியர்கள் 144 போட்டுப் படத்தை நிறுத்தினார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு நாள் தடை நீங்கியது, மறுநாள் திரும்ப வந்தது. கடைசியில் பேச்சுவார்த்தை, சில வெட்டுகள், பிப்ரவரியில் ரிலீஸ். முன்மாதிரியாக நிற்கும் எந்தத் தீர்ப்பும் மிஞ்சவில்லை. பல கோடி ரூபாய் முடங்கிக் கிடக்கும் தயாரிப்பாளருக்கு வழக்கில் ஜெயிப்பதைவிட வெள்ளிக்கிழமை ரிலீஸ் முக்கியம். ஆகவே ஒரு வழக்கைப் பற்றி எழுதும்போது தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: படம் தயாரான நாள், வெளியாக வேண்டிய நாள், தீர்ப்பு வந்த நாள். 1987 படத்துக்கு 1989-ல் கிடைத்த நீதி எவ்வளவு பெரியது என்று அந்த இடைவெளி சொல்லும்.

படி 9: வழக்கைப் படமாக எடுத்தால்

இரண்டாவது வகைக்கு ஜெய் பீம் (2021) போதும். 1993-ல் இன்றைய கடலூர் மாவட்டத்தில் போலீஸ் பிடித்துப்போன ராஜாக்கண்ணுவின் வழக்கு, அதில் வாதாடிய வழக்கறிஞர், பின்னாளில் நீதிபதியான சந்துரு. இங்கே முறை தலைகீழ். முதலில் நடந்ததைப் படியுங்கள், பிறகு படம் எதை மாற்றியது என்று பட்டியல் போடுங்கள். பாதிக்கப்பட்டவர்கள் நிஜத்தில் குறவர், படத்தில் இருளர். பார்வதி படத்தில் செங்கேணி ஆகிறார். காலம் 1995 ஆகிறது. மாற்றம் இருப்பது தப்பில்லை. எதற்காக மாற்றினார்கள், அதனால் யார் மறைந்துபோனார்கள் என்று கேட்பதுதான் விமர்சனம்.

சட்டத்தில் ஒரு நுணுக்கம். ஆட்கொணர்வு மனுவில், அதாவது பிடித்து வைத்தவரைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனுவில், பொதுவாகச் சாட்சிக் கூண்டு, குறுக்கு விசாரணை எல்லாம் கிடையாது. பிரமாண வாக்குமூலங்களை வைத்தே கோர்ட் முடிவு செய்யும். படத்தில் சந்துரு சாட்சிகளை விசாரிக்க அனுமதி கேட்டு, கேரளத்தின் ராஜன் வழக்கை முன்மாதிரியாகக் காட்டுகிறார். அந்த அனுமதி கிடைத்ததால்தான் இரண்டாம் பாதியே இருக்கிறது. ராஜன், நெருக்கடி நிலைக் காலத்தில் போலீஸ் பிடித்துப்போன பொறியியல் மாணவர். அவர் தந்தை ஈச்சர வாரியர் 1977-ல் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார், அந்த வழக்கின் சூட்டில் முதலமைச்சர் கருணாகரன் பதவி விலக வேண்டி வந்தது. அதற்கு ஒரு வருடம் முன்னால்தான், 1976-ல், ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று 4-க்கு 1 என்ற கணக்கில் சொல்லியிருந்தது. மறுத்து எழுதிய ஒற்றை நீதிபதி எச்.ஆர். கன்னா. 2017-ல் அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் அந்தத் தீர்ப்பைத் தூக்கி எறிந்தார்கள். ஒரு கோர்ட் காட்சியில் இழுத்த நூல் இவ்வளவு தூரம் போகிறது.

படி 10: எழுதுங்கள்

முதல் பத்தியில் படத்தின் கதையைச் சொல்லி வாசகரைத் தூங்க வைக்காதீர்கள். வழக்கின் மையமான காட்சியிலிருந்து ஆரம்பியுங்கள், நீங்கள் குறித்த வசனத்தோடு. அடுத்து, அந்தக் காட்சி யாரை உறுத்தியது, எந்தச் சட்டக் காரணத்துக்குள் அந்த உறுத்தலை நுழைத்தார்கள் என்பது. பிறகு நீதிபதி அதை எப்படிப் பார்த்தார். பிறகு நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள். படத்தின் தரம் பற்றிய உங்கள் தீர்ப்பைக் கடைசிக்குத் தள்ளிவைக்க வேண்டியதில்லை, எங்கே இயல்பாக வருகிறதோ அங்கே போடுங்கள்.

வெளியிடும் முன் நாலு விஷயங்களைச் சரிபாருங்கள். தீர்ப்பிலிருந்து மேற்கோள் காட்டினால், அது நீதிபதியே சொன்னதா, அல்லது வழக்கறிஞரின் வாதத்தை அவர் எடுத்து எழுதியதா? இந்த இடத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பின்னால் வந்த பெரிய அமர்வு ஏதாவது அந்தத் தீர்ப்பை மாற்றியிருக்கிறதா? வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தால், முடிவு வந்துவிட்டது போல எழுதியிருக்கிறீர்களா? வழக்கில் வரும் சாதாரண மனிதர்களின் பெயரும் ஊரும் உங்கள் கட்டுரைக்கு நிஜமாகவே தேவையா?

முதல் கட்டுரைக்கு ஆயிரம் சொல் போதும். அடுத்த ஜோடிக்கு அப்பாஸ் குறும்படத்தை எடுங்கள். படம் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, தீர்ப்புக்குத்தான் ஒரு முழு மாலை வேண்டியிருக்கும்.